மாசி இறுதியில் மரம் பார்க்கப் போனது: பரம்பிக்குளம் முதல் பாம்பாடும் சோலை வரை

மாசி 21, பொள்ளாச்சி

இலை நிறம் மாறுவதைப் பார்ப்பதற்கென்றே பயணம் போகிறவர்கள் நம்மவர்களிலும் இப்போது பெருகிவிட்டார்கள். கியோட்டோவின் மேப்பிள்கள் சிவக்கும் நவம்பர் பிற்பகுதியை, ஸ்ரீநகர் நசீம் பாக் தோட்டத்தின் சினார் மரங்கள் செம்பழுப்பாகும் ஐப்பசி நாட்களை, அமெரிக்காவின் வெர்மான்ட் மலைகள் பற்றி எரிவதாகத் தோன்றும் அக்டோபர் முற்பகுதியைக் குறித்துவைத்துக்கொண்டு பயணச்சீட்டு எடுக்கிறார்கள். அதே மனிதர்கள் அதே நவம்பரில் ஆனைமலைக்கு வந்தால் வடகிழக்குப் பருவமழையில் நனைந்த பச்சையைத் தவிர வேறெதையும் காணமாட்டார்கள். நம் பக்கத்தில் இலை நிறம் மாறுவதில்லை என்ற முடிவுக்கும் வந்துவிடுவார்கள். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் நடுவே கிடக்கும் இந்த மலைக்காடுகளில் நிறம் மாறும் காலம் தை பிறந்த பிறகே தொடங்குகிறது; மாசி இறுதியிலும் பங்குனியிலும் உச்சத்தை அடைகிறது.

காரணம் குளிர் அல்ல, தண்ணீர். வடக்கே பகல் குறுகிக் குளிர் ஏறும்போது மரம் இலையிலுள்ள பச்சையத்தைக் கலைத்து, தழைச்சத்தையும் மணிச்சத்தையும் தண்டுக்குள் இழுத்துக்கொள்கிறது. பச்சை போனதும் அதுவரை மறைந்திருந்த கரோட்டினாய்டு மஞ்சளாகத் தெரிகிறது, சில மரங்கள் அப்போதுதான் ஆந்தோசயனின் என்ற சிவப்பு நிறமியைப் புதிதாகச் செய்கின்றன. இங்கும் சத்தை இழுத்துக்கொண்டு இலையை உதிர்க்கும் முறை அதுவேதான். ஆனால் உதிர்க்கச் சொல்லும் குரல் வறட்சியிடமிருந்து வருகிறது. மண்ணில் ஈரம் குறையும்போது அகன்ற இலைகளை வைத்துக்கொண்டு நீராவியாக இழப்பதைவிட அவற்றைக் கைவிட்டு நிற்பது மரத்துக்கு லாபம். ஆகவே இங்கே இலையுதிர்வின் வரைபடம் மழையின் வரைபடத்தைப் பின்பற்றுகிறது. அந்த வரைபடத்தின் ஈரமான ஓரத்தையும் காய்ந்த ஓரத்தையும் எல்லைச் சாலைகள் வழியாகவே பார்த்துவிடலாம் என்பதுதான் இந்தப் பயணத்தின் திட்டம்.

உடன் வருபவர் என் சித்தப்பா. வனத்துறையில் வனவராக இருந்து ஓய்வு பெற்றவர். மரங்களின் பெயர்களைப் பொறுத்தவரை இந்த நாட்குறிப்பில் இருப்பவை பெரும்பாலும் அவர் வாயிலிருந்து வந்தவை.

மாசி 22, சேத்துமடை, டாப்சிலிப், பரம்பிக்குளம்

பரம்பிக்குளம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் அங்கே போகும் சாலை பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத் தமிழ்நாட்டுக்குள்ளேயே ஏறுகிறது. பொள்ளாச்சியிலிருந்து அரசுப் பேருந்தும் உண்டு. முதலில் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் சோதனைச்சாவடி, மேலே போனதும் பரம்பிக்குளம் புலிகள் காப்பகத்தின் சோதனைச்சாவடி. இரண்டு இடத்திலும் பெயர் எழுதிப் பணம் கட்ட வேண்டும். சொந்த வண்டியை ஆனப்பாடியில் நிறுத்திவிட்டு வனத்துறை வண்டியில் ஏறிக்கொண்டோம்.

சேத்துமடையைத் தாண்டியதும் தேக்கு தொடங்கிவிடுகிறது. இந்தத் தேக்குக்கு வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பல் கட்டவும் ரயில் பாதைகளுக்கும் ஆனைமலைத் தேக்கு கணக்கின்றி வெட்டப்பட்டது. மேலே வெட்டிய கட்டைகளை மலைச்சரிவில் உருட்டிவிட்ட இடம்தான் டாப்சிலிப். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே பணியாற்றிய ஹ்யூகோ உட் என்ற ஆங்கிலேய வன அலுவலர், மொட்டையாகிக் கிடந்த சரிவுகளில் மீண்டும் தேக்கை வளர்த்தார். அவர் நடக்கும்போதெல்லாம் கைத்தடியால் மண்ணைக் குத்திச் சட்டைப்பையிலிருந்த தேக்கு விதையைப் போட்டுக்கொண்டே போவார் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். சித்தப்பாவும் சொன்னார், சொல்லிவிட்டு, "விதையைச் சட்டப்பையில கொண்டுபோயி இத்தனை காடு வந்துருமா கண்ணு, நாத்தங்கால் போட்டு ஆளுக வேல செஞ்சாத்தான் வரும்" என்று சிரித்தார். 1933-இல் குன்னூரில் இறந்த அவரை, அவர் விருப்பப்படி டாப்சிலிப்பில் இந்தத் தேக்குகளுக்கு நடுவிலேயே புதைத்தார்கள். கல்லறையில் லத்தீன் மொழியில் ஒரு வரி உள்ளது: நினைவுச்சின்னத்தைத் தேடுகிறாயானால் சுற்றிலும் பார்.

சுற்றிலும் பார்த்தோம். மாசி இறுதியில் பார்த்தால் அந்த நினைவுச்சின்னம் முழுவதும் ஒரே காவி நிறத்தில் இருக்கிறது. தேக்கிலை ஒரு முழத்துக்கும் மேல் நீளமானது, சொரசொரப்பானது; காய்ந்து விழும்போது கிளைகளில் இடித்துக்கொண்டு இறங்குகிறது, தரையில் பட்டதும் யாரோ மிதித்த ஓசை கேட்கிறது. சாலையோரம் நின்று கேட்டால் காட்டுக்குள் ஒரு கூட்டமே நடந்துவருகிறதோ என்ற ஐயம் எழும்; சில சமயம் உண்மையாகவே காட்டுமாடுகள் வருகின்றன. உதிரும் முன்பே பல இலைகள் வலைபோல் ஆகியிருந்தன. நரம்புகளை விட்டுவிட்டு நடுவிலுள்ள பசுமையை மட்டும் அரித்துத் தின்னும் புழு ஒன்று தேக்குக்கு உண்டு. ஆண்டின் பிற்பகுதியில் அதன் வேலை மிகுதி. அத்தகைய இலை ஒன்றை வெயிலுக்கு எதிரே பிடித்தால் நரம்பின் ஒவ்வொரு கிளையும் எண்ணிவிடும்படி தெரிகிறது.

ஆனால் நிறம் பார்க்க வந்தவர்களுக்குத் தேக்குத் தோட்டம் ஏமாற்றம்தான் தரும் என்பதைச் சொல்லியாக வேண்டும். தேக்கு மஞ்சளாவதும் முழுமையாக ஆவதில்லை; பச்சையிலிருந்து பழுப்புக்குப் போகும் வழியில் அழுக்கு மஞ்சளாகச் சில நாட்கள் நிற்கிறது, அவ்வளவுதான். ஒரே வயதில், ஒரே இனத்தில், வரிசையில் நட்ட காடு ஒரே நாளில் ஒரே நிறமாகிறது. வெர்மான்ட் மலைகள் புகழ்பெற்றதற்குக் காரணம் அங்கே சர்க்கரை மேப்பிளோடு செம்மேப்பிளும் பிர்ச்சும் பீச்சும் கலந்து நின்று, ஒவ்வொன்றும் தனக்குரிய நிறத்தைத் தனக்குரிய வாரத்தில் காட்டுவதுதான். கலப்புக் காடு இல்லாமல் வண்ணம் இல்லை. அந்தக் கலப்புக் காடு பரம்பிக்குளத்தில் தூணக்கடவைத் தாண்டிக் கிடைக்கிறது.

தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம், பரம்பிக்குளம் ஆகிய மூன்று நீர்த்தேக்கங்களும் கேரள மண்ணில் இருந்தாலும் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தைச் சேர்ந்தவை. தமிழ்நாட்டின் நீர்வளத்துறைதான் இவற்றைப் பராமரிக்கிறது. ஆகவே பரம்பிக்குளம் ஊருக்குள் தமிழ்தான் முதலில் காதில் விழுகிறது. நீர்மட்டம் இறங்கி, கரையில் செம்மண் வளையம் தெரிந்தது. அதற்கு மேலே இலை கொட்டிய சாம்பல் நிறக் காடு, அதன் நடுவே திட்டுத் திட்டாகப் பச்சை.

மாசி 23, பரம்பிக்குளம்

காலை வண்டியில் புறப்பட்டபோது சித்தப்பா வழிகாட்டியிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "ஏனுங்க, பூவம் தளுத்துருச்சுங்களா?" வழிகாட்டி முதுவர் பழங்குடியைச் சேர்ந்த இளைஞர், தளிர்த்துவிட்டது என்றும், ஓடைப் பக்கம் நிற்கும் மரங்கள் முந்திக்கொண்டன என்றும் சொன்னார்.

இந்தக் காடுகளைப் பார்க்க வருகிறவர்கள் மனத்தில் ஒரு செய்தியைத் தலைகீழாக்கிக்கொள்ள வேண்டும். கியோட்டோவில் சிவப்பது சாகப்போகும் இலை. இங்கே மிகச் சிவந்திருப்பது பிறந்து நான்கைந்து நாளான இலை. பூவ மரம் பழைய இலைகளை உதிர்த்த சில நாட்களிலேயே, மழை வருவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பாக, கொளுத்தும் வெயிலில் மொத்த மரத்திலும் ஒரே சமயத்தில் தளிர் விடுகிறது. தளிர்கள் முதலில் இரத்தச் சிவப்பு. துவண்டு கீழ்நோக்கித் தொங்குகின்றன, தொட்டால் ஈரத்துணியின் மென்மை. நாட்கள் செல்லச்செல்லச் சிவப்பு செம்புக்கும், செம்பு இளம்பச்சைக்கும் மாறி, அதன் பிறகுதான் இலை விறைத்து நிமிர்கிறது. ஒரே ஓடைக் கரையில் ஐந்தாறு பூவ மரங்கள் நின்றால் இந்த நிறங்கள் எல்லாவற்றையும் ஒரே பார்வையில் காணலாம், ஏனெனில் அவை ஒரே நாளில் தளிர்ப்பதில்லை. வட இந்தியாவில் அரக்குப் பூச்சியை வளர்க்கும் குசும் மரம் இதுவேதான். இங்கே அரக்கு எடுப்பதில்லை, மலைமாடுகளும் மான்களும் விழுந்த பழங்களைத் தின்பதோடு சரி.

இந்தச் சிவப்புக்கு என்ன பயன் என்பதில் தாவரவியலாளர்களிடையே பல விளக்கங்கள் உண்டு. பச்சையம் முழுதாகச் சேராத இளம் இலையை ஆந்தோசயனின் வெயிலிலிருந்து மறைக்கிறது என்பது ஒன்று. சத்துக் குறைவான சிவந்த இலையைப் பூச்சிகள் விரும்புவதில்லை என்பது இன்னொன்று. மழைக்கு முன்பாகவே தளிர்ப்பதற்கும் பூச்சிகளோடு தொடர்பு உண்டு என்கிறார்கள்; மழை தொடங்கிப் புழுக்கள் பெருகும் நேரத்தில் இலை முற்றிவிட்டிருக்கும். ஆனால் நிலம் வெடித்துக் கிடக்கும்போது தளிருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? இலையை உதிர்த்ததால் மிச்சமான நீரும், தண்டில் சேர்த்துவைத்த நீரும், ஆழத்தில் வேர் எட்டிப்பிடிக்கும் நீரும்தான். உதிர்வும் துளிர்ப்பும் இங்கே இரண்டு பருவங்களாக இல்லாமல் ஒரே வேலையின் இரண்டு பாதிகளாக இருக்கின்றன. வடக்கே அவற்றுக்கு நடுவே நான்கைந்து மாதப் பனிக்காலம் இருக்கிறது. இங்கே சில மரங்களுக்கு ஒரு வாரம்கூட இல்லை.

பூவத்தை அடுத்து இருள் மரம். அதன் தளிர் செம்பழுப்பு. வெண்தேக்கு இலையின்றி நின்றது. அதன் வழவழப்பான வெளிறிய அடிமரம் கருமருதின் வெடித்த கரும்பட்டைக்குப் பக்கத்தில் நிற்கும்போது இலையே இல்லாவிட்டாலும் பார்க்கத் தகுந்ததாக இருந்தது. கருமருதுப் பட்டையை முதலைத்தோல் என்பார்கள், அது சரியான வருணனைதான். இலவம் இலையில்லாமல் பூத்திருந்தது. சிவந்த பூக்களின் தேனுக்காகக் கரிச்சான்களும் மைனாக்களும் அணில்களும் அடித்துக்கொண்டிருந்தன. இலையற்ற இலவம் பூத்து நிற்பதைத் தீக்கு ஒப்பிட்ட சங்கப் புலவர்கள் இதே காலத்தில் இப்படியொரு காட்டு வழியே நடந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

கன்னிமாரா தேக்கை எல்லோரும் பார்க்கிறார்கள், நாங்களும் பார்த்தோம். ஆறரை மீட்டருக்கு மேல் சுற்றளவும் நெடிய உயரமும் கொண்ட, நானூறு ஆண்டுகளைத் தாண்டியதாகக் கருதப்படும் மரம். அதற்கும் இலை உதிர்ந்திருந்தது. அத்தனை உயரத்தில் என்ன நிறமாக இருந்தது என்பது கீழிருந்து தெரியவில்லை.

வழி நெடுகத் தீத்தடுப்புக் கோடுகள் போட்டிருந்தார்கள். சாலையின் இருபுறமும் சருகைக் கூட்டி, முன்கூட்டியே கட்டுப்பாட்டோடு எரித்துக் கரும்பட்டையாக்கிய நிலம் அது. தேக்குச் சருகு எளிதில் பற்றும், வேகமாகப் பரவும். தீக்காலம் என்பதால் காட்டுக்குள் நடந்து செல்ல எங்களுக்கு அனுமதி கிடைக்கவில்லை. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

மாசி 24, உடுமலை, சின்னாறு

பொள்ளாச்சிக்கு இறங்கி, உடுமலை வழியாக மூணாறு சாலையைப் பிடித்தோம். ஒன்பதாறு சோதனைச்சாவடியில் காப்பகத்துக்குள் நுழைந்து, சின்னாற்றுப் பாலத்தைத் தாண்டினால் கேரளம். இந்தச் சாலையில் இருட்டிய பிறகு போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. யானைகள் சாலையில் நிற்கும் நேரம் அது. பகலிலேயே யானைச் சாணக் குவியல்களைச் சுற்றிக்கொண்டுதான் ஓட்டுநர் வண்டியை ஓட்டினார்.

கேரளம் என்றதும் நினைவுக்கு வரும் எதுவும் சின்னாற்றில் இல்லை. மூணாற்றில் ஆண்டுக்கு மூவாயிரம் மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. அங்கிருந்து அறுபது கிலோமீட்டரில் இருக்கும் சின்னாற்றில் ஐந்நூறு மில்லிமீட்டர் அளவுதான். தென்மேற்குப் பருவமழை ஆனைமுடியையும் அதைச் சூழ்ந்த உயரங்களையும் நனைத்துவிட்டு வெறுங்கையோடு இந்தப் பக்கம் இறங்குகிறது. இங்கே பெய்வதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மழை. கேரளத்தின் நாற்பத்து நான்கு ஆறுகளில் கிழக்கு நோக்கி ஓடுபவை கபினி, பவானி, பாம்பாறு ஆகிய மூன்று மட்டுமே. அவற்றில் பாம்பாறு இந்தச் சரணாலயத்துக்குள் சின்னாற்றோடு கூடி அமராவதி அணைக்குப் போகிறது. நீரும் தமிழ்நாட்டுப் பக்கம், காடும் தமிழ்நாட்டுப் பக்கத்தின் முள்காடு. 1984-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட தொண்ணூறு சதுர கிலோமீட்டர்.

இங்கே மரங்களுக்குச் சிறிய இலை. உசில், வெள்வேல் இவற்றின் இலைகள் விழுவதைக் கண்ணால் பார்க்க முடியாது; வண்டியின் முன்கண்ணாடியில் மஞ்சள் தூளாகச் சேர்ந்திருப்பதை வைத்துத்தான் உதிர்கின்றன என்று அறியலாம். கிளுவை இலையின்றி, பட்டை காகிதமாக உரிந்து, உள்ளே பச்சைத் தண்டு தெரிய நின்றது. இலை இல்லாத நாட்களில் அந்தத் தண்டே ஓரளவு இலையின் வேலையைச் செய்யும். கள்ளிகள் எப்போதும் போல இருந்தன. வெக்காலி மரங்கள் மட்டும் சரிவுகளில் செம்புநிறமாகத் தெரிந்தன. உதிரும் முன் முறையாகச் சிவக்கும் பழக்கமுள்ள நம் மரங்களில் வெக்காலி முக்கியமானது, வடக்கத்திய முறைக்கு மிக அருகில் வருவதும் அதுதான். சிவப்பு அடர்த்தியில்லை, ஆனால் சரிவு முழுவதும் பரவி நிற்கும்போது மாலை வெயிலில் மலை துருப்பிடித்ததாகத் தெரிகிறது.

தொல்காப்பியம் பாலைக்கு வேனிலையும் பின்பனியையும் பெரும்பொழுதாகச் சொல்கிறது. பின்பனி என்றால் இந்த மாசியும் வரப்போகும் பங்குனியும்தான். பாலைப் பாட்டுகளைப் பள்ளியில் படித்தபோது பாலை என்றால் மணல் என்று நினைத்துக்கொள்ளும் மாணவர்களை ஒருமுறை சின்னாறு சாலையில் அழைத்துவந்தால் போதும். காய்ந்த மரம், ஓய்ந்த யானை, நெல்லியங்காய் உதிர்ந்து கிடக்கும் வழி எல்லாம் அச்செழுத்து மாறாமல் கிடைக்கின்றன.

சாம்பல் நிறத்துக்கு நடுவே ஆறு போகும் வழி மட்டும் பச்சை நாடாவாகத் தெரிகிறது. நீர்மருது, புங்கம், மா, நாவல் ஆகியவை நிற்கும் கரை அது. புங்கம் அப்போதுதான் இலை மாற்றிக்கொண்டிருந்தது. புதிய இலையின் பளபளக்கும் இளம்பச்சையை வருணிக்க எனக்குச் சொல் போதவில்லை. இந்தக் கரைமரங்களின் கிளைகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருப்பதால்தான் சாம்பல்நிற மலையணில் இங்கே வாழ்கிறது. தமிழ்நாட்டில் திருவில்லிபுத்தூர் மலையில் இதற்கென்றே சரணாலயம் இருக்கிறது. மரத்திலிருந்து மரத்துக்கு இலைவழியே போகும் உயிர், தரையில் இறங்க விரும்பாதது. இலையுதிர் காட்டின் நடுவே இலையுதிராத அகலம் குறைந்த இந்த நாடாவை நம்பியிருக்கிறது. சித்தப்பா ஒன்றைக் காட்டினார். எனக்கு வால் மட்டும் தெரிந்தது.

ஆலாம்பட்டிப் பக்கம் சாலையில் நின்று தூவானம் அருவியைத் தொலைவில் பார்த்தோம். மாசியில் அது வெள்ளை நூல்.

செக்கச்சிவந்த காட்டைப் படம் எடுக்க வருகிறவர்களுக்கு நான் சின்னாற்றைப் பரிந்துரைக்கமாட்டேன். எனக்கு இந்தப் பயணத்தில் மிகவும் பிடித்த பகல் இதுதான்.

மாசி 25, மறையூர், காந்தலூர்

சின்னாற்றிலிருந்து ஏறினால் ஆயிரம் மீட்டர் உயரத்தில் மறையூர். ஊர்ப் பேச்சு தமிழ். தேநீர்க்கடைப் பலகை மலையாளத்திலும் தமிழிலும். சாலையின் இருபுறமும் கம்பி வேலிக்குள் சந்தனக் காடு. சுற்றிலும் புல் வெளுத்து, மற்ற மரங்கள் மொட்டையாகிக் கொண்டிருக்கும்போது சந்தனம் மட்டும் தன் சிறிய இலைகளை வைத்துக்கொண்டு நிற்கிறது. அதன் வேர்கள் பக்கத்து மரஞ்செடிகளின் வேர்களில் உறிஞ்சிகளைப் பதித்து நீரையும் உப்புகளையும் எடுத்துக்கொள்பவை. அண்டை வீட்டான் இலையைக் கைவிட்ட பிறகும் அவன் கிணற்றிலிருந்து இது குடித்துக்கொண்டிருக்கிறது என்று சித்தப்பா சொன்னார். சந்தனத்தைக் காவல் காத்த காலத்தின் கசப்பு கொஞ்சம் அதில் இருந்தது.

கரும்பு வயல்களில் தோகை வெளுத்து, ஆலைகளில் வெல்லம் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். உருண்டையாகப் பிடிக்கும் மறையூர் வெல்லத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இரண்டு கிலோ வாங்கினோம். கோவில்கடவுப் பக்கத்துப் பாறைமேல் இருக்கும் கல்திட்டைகளை, இங்கே முனியறை என்பவற்றை, வெயிலுக்கு முன் ஏறிப் பார்த்துவிட்டு காந்தலூருக்குப் போனோம்.

காந்தலூரில் ஒரு வேடிக்கை உண்டு. ஆப்பிள், பிளம், பீச் ஆகியவை இங்கே விளைகின்றன. இவை குளிருக்கு இலையை உதிர்க்கும் குடும்பத்து மரங்கள். ஆகவே காந்தலூர்த் தோட்டங்களில் இலையுதிர்வு மார்கழிப் பனியோடு முடிந்துவிடுகிறது. நாங்கள் போனபோது பிளம் மரங்கள் பூவையும் முடித்து இளம் இலைகளோடு நின்றன. அதே நேரத்தில் கீழே சரிவில் நாட்டுமரங்கள் அப்போதுதான் இலையைக் கொட்டிக்கொண்டிருந்தன. இரண்டு நாட்காட்டிகள் ஒரே மலையில் ஓடுகின்றன. அதற்கு மேல் அங்கே பார்க்க எங்களுக்கு நேரம் இல்லை.

மாசி 26, மூணாறு, பாம்பாடும் சோலை

மறையூரிலிருந்து மூணாற்றுக்கு நாற்பது கிலோமீட்டர். தலையாறு தாண்டியதும் தேயிலை தொடங்கி, காற்றில் ஈரம் வந்துவிடுகிறது. வாகுவரைப் பக்கம் ஜக்கரண்டா பூக்கத் தொடங்கியிருந்தது. தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து நட்ட மரம். இலையைக் கொட்டிவிட்டு ஊதா நிறத்தில் பூத்து நிற்கும். தேயிலைப் பச்சைக்கு மேல் அந்த ஊதா எடுப்பாகத்தான் இருக்கிறது, வண்டிகள் வரிசையாக நின்று படம் எடுப்பதில் வியப்பில்லை. ஆனால் இரண்டு நாட்கள் பூவத்தையும் வெக்காலியையும் பார்த்த கண்ணுக்கு அது திருமண மண்டப விளக்கு.

இரவிகுளம் தேசியப் பூங்கா மூடியிருந்தது. வரையாடுகள் குட்டி போடும் காலமென்று பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஆண்டுதோறும் பார்வையாளர்களை அனுமதிப்பதில்லை. எங்கள் இலக்கு அதற்கு எதிர்த்திசையில், டாப் ஸ்டேஷனைத் தாண்டி வட்டவடை போகும் வழியில் இருக்கும் பாம்பாடும் சோலை. ஒன்றேகால் சதுர கிலோமீட்டரைச் சற்றே மீறும் பரப்பு, கேரளத்தின் மிகச் சிறிய தேசியப் பூங்கா, 2003-இல் அறிவிக்கப்பட்டது. சாலை சோலைக்கு நடுவிலேயே போவதால் வண்டியின் சன்னலே போதுமான காட்சிக்கூடம்.

சோலை இலையுதிர் காடு அல்ல. ஆண்டு முழுவதும் பசுமையாக இருப்பது. ஆனால் பசுமை என்று ஒற்றைச் சொல்லில் சொல்லிவிட முடியாதபடி மாசி, பங்குனியில் அதன் தலைப்பகுதி நிறம் மாறுகிறது. நாவல் இனத்து மரங்களும் காட்டு இலவங்கப் பட்டை மரங்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தளிர் விடும்போது, எதிர்ச்சரிவில் காலிஃபிளவர் அடுக்கியதாகத் தெரியும் மரத்தலைகளில் ஒன்று கருஞ்சிவப்பு, ஒன்று ரோஜா, ஒன்று ஆரஞ்சு, ஒன்று வெளிறிய வெண்பச்சை என்று மாறி மாறி வருகின்றன. எல்லா மரமும் ஒரே நாளில் தளிர்க்காததால் ஒரே இனத்திலேயே இரண்டு மூன்று நிறங்கள். உருத்திராட்சக் குடும்பத்து மரங்கள் மறுபுறத்தில் முதிய இலைகளை மொத்தமாகக் கொட்டாமல் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிவக்கவிட்டு உதிர்க்கின்றன. பச்சை மரத்தில் ஐந்தாறு செந்நிற இலைகள், தரையில் பத்துப் பதினைந்து. சோலை ஓரத்துப் புல்வெளியில் காட்டுப் பூவரசு எனப்படும் ரோடோடென்ட்ரான் சிவப்பாகப் பூத்திருந்தது. வெப்பமண்டலத்தில் இலை நிறம் பார்க்க எங்கே போகலாம் என்று என்னைக் கேட்டால் முதலில் இந்த ஐந்து கிலோமீட்டர்ச் சாலையைச் சொல்வேன், அதற்குப் பிறகு பரம்பிக்குளத்து ஓடைகளை.

திரும்பும் வழியில் டாப் ஸ்டேஷன் விளிம்பில் நின்றோம். கீழே தேனி மாவட்டம். காய்ந்து மஞ்சளான புல்மலைகள் குரங்கணி வரை இறங்குகின்றன. 2018 மார்ச் 11 அன்று அந்தச் சரிவுகளில் மலையேறிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்து, இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே மாசி இறுதி, அதே காய்ந்த புல். அதன் பிறகு இந்தப் பருவத்தில் நடைப்பயணக் கட்டுப்பாடுகள் கடுமையாயின. அந்தப் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு நின்ற சித்தப்பா, சாலையோரம் சிகரெட்டைப் பற்றவைத்த ஒருவரிடம் போய், "அண்ணா, வண்டிக்குள்ள உக்காந்து புடிங்க, இல்லைன்னா அணைச்சுருங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். அவர் அணைத்துவிட்டார்.

இதே வழியில் போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். பங்குனி முதல் வாரத்தில் பூவம் பரம்பிக்குளத்தில் உச்சத்தில் இருக்கும் என்று வழிகாட்டி சொன்னார்; கோடை மழை முந்தினால் அது குறையும். அந்த நாட்களில் தீ அபாயம் கருதிக் காப்பகங்கள் திடீரென மூடப்படுவதும் உண்டு என்பதால், தங்குமிடத்துக்குப் பணம் கட்டும் முன் தொலைபேசியில் கேட்டுவிட வேண்டும். வெக்காலிச் சிவப்புக்கு மாசித் தொடக்கமே நல்லது, சின்னாறு சாலையில் மாலை மூன்று மணிக்குப் பிறகு வெயில் சரியான சாய்வில் விழுகிறது. வரையாட்டையும் பார்த்துவிடலாம் என்று இரவிகுளம் திறக்கும் ஏப்ரல் வரை காத்திருந்தால் தளிர்களில் பெரும்பாலானவை பச்சையாகிவிடும்; இரண்டுக்கும் தனித்தனியாக வரத்தான் வேண்டும்.